வாரத்துக்குக் கால் சுற்று

தட்டிப் பாருங்கள் அண்ணாச்சி, கூச்சப்படாதீர்கள். ஆறு மெஷினும் ஒன்றுபோல இருக்கும். டிரம்மில் துரு கிடையாது, கதவு ரப்பரில் விரிசல் கிடையாது. கப்பல் லாண்டரியில் பதினாறு வருஷம் நின்றவன் நான். "ஊரு உலகத்துக்கெல்லாம் துவைச்ச மனுஷன் வீட்டுல ஒரு துண்டை அலசிப் போட்டது கிடையாது" என்று எமிலி, என் வீட்டுக்காரி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாள். சொல்லட்டும். மெஷின் விஷயத்தில் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது.

பிறகு ஏன் கடையை மூடினேன் என்கிறீர்களா? யாவாரம் ஓடவில்லை. இதற்கு முன் மெஷின் பார்க்க வந்த மூன்று பேரிடமும் அதைத்தான் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்லி அனுப்பியிருப்பேன். ஆனால் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "லூர்து சார்தான் அனுப்புனாங்க, அவங்க வீட்டு முன் ஷெட்டைத்தான் கடைக்குப் பேசி முடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டீர்கள். அதே ஷெட். நான் கடை போட்டிருந்த அதே இடம்.

சார் என்னைப் பற்றி வேறென்ன சொன்னார்? நல்ல மனுஷன் என்றா? சொல்வார். அந்தத் தெருவே சொல்லும்.

இப்படி உட்காருங்கள். எமிலி அடுக்களையில் இருக்கிறாள், அவளுக்கு இது எதுவும் தெரியாது. கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன்.

நல்ல இடம்தான் பிடித்திருக்கிறீர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். லாண்டரிக் கடைக்கு இடம் பார்க்கிறவன் எல்லோரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்ப்பான், பெரிய ரோட்டைப் பார்ப்பான், எத்தனை வண்டி போகிறது என்று எண்ணுவான். நானும் எண்ணினேன். துறைமுகத்துப் பையன்கள் எங்கே அறை எடுத்திருக்கிறார்கள், எந்த லாட்ஜில் ஜன்னல் கம்பியில் சட்டை காய்கிறது, எந்த வீட்டுக்கு மொட்டை மாடி இல்லை, எல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். ஆனால் நம் தூத்துக்குடியில் அதெல்லாம் இரண்டாவது. முதலாவது தண்ணீர். தோண்டின இடமெல்லாம் உப்பு. அதில் வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் நாலாவது தடவை சாக்கு நிறத்துக்கு வந்துவிடும். கார்ப்பரேஷன் தண்ணீரை நம்பி ஆறு மெஷின் ஓட்ட முடியாது. ஆகவே நல்ல தண்ணீர் உள்ள கிணறு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடை. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே யோசித்தது.

யோசித்தது சரி. தேடின விதம்தான் சரியில்லை.

நம் ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்கிற வாசல் உண்டா? எப்பேர்ப்பட்ட வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து வந்து கொடுப்பார்கள். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன். ஒரு பையில் மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில், ஒரு பொட்டலம் சோப்புச் சீவல். மத்தியான வெயிலில் தெருத்தெருவாகப் போவேன். "யக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி." கொடுப்பார்கள். பாதி குடித்துவிட்டு, "மிச்சத்தை இதுல ஊத்திக்கிடட்டுமா, தூரம் போகணும்" என்பேன். பாவம், "எதுக்கு மிச்சத்தை ஊத்துதிய, இந்தா" என்று புதுசாகவே பாட்டிலை நிறைத்துத் தருவார்கள். தெருமுனை திரும்பியதும் பாதியைக் கீழே கொட்டிவிட்டு, சோப்புச் சீவலைப் போட்டு இருபது குலுக்கு. நல்ல தண்ணீர் என்றால் நாலு விரல் உயரம் நுரை நிற்கும். உப்பு என்றால் திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக மிதக்கும். மூன்று வாரம், நாற்பத்து மூன்று வாசல். எல்லாம் திப்பி.

அப்படித் தாகம் என்று பொய் சொல்லி நின்ற நாற்பத்து நாலாவது வாசல்தான் முப்பிடாதி அக்கா வாசல்.

உங்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்காது. உப்பளத்து வேலைக்காரி. வருஷக் கணக்காக உப்பு வாரி, குதிகாலில் இருந்து விரல் வரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். வேலை விட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் கேட்டதும், ஈரக்காலோடு எழுந்து போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்தார்கள். குடித்தேன். அண்ணாச்சி, நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. பாட்டிலே தேவையில்லை.

"யக்கா, இது உங்க வீட்டுக் கிணறா?"

"நமக்கேது கிணறு? லூர்து சார் வீட்டுக் குழாய்த் தண்ணி தம்பி. மதிலுக்கு வெளியே குழாய் வச்சிருக்காவ. யாரும் பிடிக்கலாம். இந்தத் தண்ணி இல்லன்னா இந்தக் கால வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? உப்புத் தண்ணிய ஊத்துனா தீயை வச்ச மாதிரில்லா எரியும்."

அதைக் கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். ஆனால் என் மனசில் ஏறியது 'லூர்து சார் வீடு' என்கிற மூன்று வார்த்தைதான்.

மறுநாள் போனேன். நீங்கள் பார்த்திருப்பீர்களே, கேட்டுக்கு இடது பக்கம், முழங்கால் உயரத்தில் பித்தளைக் குழாய். பத்துப் பதினைந்து குடம் வரிசையில் நின்றது. சாரைப் பார்த்தேன். வீட்டுக்குள் அவருக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் முழுக்க மோட்டாரில் ஏறி ஷெட்டின் மேல் இருக்கிற தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரே ஒரு குழாய், ஷெட்டின் சுவர் வழியாகத் தெருவுக்கு. காரை விற்று வருஷக்கணக்காகி, ஷெட் சும்மா கிடந்தது. எனக்கென்றே கட்டி வைத்த மாதிரி இருந்தது.

சார் வாடகையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கணக்கு வாத்தியார், ஆனாலும் பேசவில்லை. "தண்ணிய நீரும் எடுத்துக்கிடும், தெருவும் எடுத்துக்கிடட்டும். ஒரே ஒரு கண்டிஷன் வே. அந்தக் குழாய் மட்டும் நிக்கக் கூடாது. அது எங்க வீட்டம்மா வச்ச குழாய்" என்றார். சத்தியம் பண்ணுகிறேன் சார் என்று கையை நீட்டினேன். "சத்தியமெல்லாம் எதுக்குவே, சரின்னு சொன்னாப் போதும்" என்றார். சரி என்று சொன்னேன். மூட்டுவலிக்காரர். மோட்டார் ரூம் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

கடை எப்படி ஓடியது தெரியுமா? ஓடவில்லை என்று சொன்னேனே, அது பொய். பறந்தது. உப்புப் பூக்காத வெள்ளையை இந்த ஊர் அப்போதுதான் பார்த்தது. லாட்ஜ் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரிக் கோட்டு, துறைமுக அதிகாரிகளின் யூனிபாரம் எல்லாம் வந்தது. தெருப் பெண்கள் கண்ணாடிக் கதவு வழியாக மெஷின் சுற்றுவதை வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணாச்சி, எங்க வீட்டு ஆளையும் உள்ள போட்டு ஒரு சுத்து விடுங்க, அழுக்கு போகுதான்னு பாப்போம்" என்பார்கள். அப்படி ஒரு சிரிப்பு இருந்தது அந்த வாசலில்.

இரண்டாவது மாசம் ஒரு நாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொட்டி காலி. காலையில் தெருக் குடங்கள் எல்லாம் நிறைந்து முடிந்த நேரம். கிணறு ஊற வேண்டும், மோட்டார் காற்றை இழுக்கிறது. ஆறு மெஷினிலும் சோப்போடு துணி நிற்கிறது. அதில் ஓர் அதிகாரியின் வெள்ளை யூனிபாரம், மூன்று மணிக்கு வேண்டும் என்று சொல்லியிருந்தார். கொடுக்க முடியவில்லை. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. "இதுக்கு நான் வீட்டுலயே துவைச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். பதினாறு வருஷம் கப்பலில் ஒருத்தரிடம் நான் அந்தச் சொல் வாங்கியதில்லை.

இரண்டு மெஷினைக் குறைத்திருக்கலாம். குடம் பிடிக்கிற நேரம் போக மிச்ச நேரம் ஓட்டியிருக்கலாம். இதெல்லாம் இப்போது தெரிகிறது. இல்லை, பொய் சொல்லக் கூடாது. அப்போதே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் மாதா கோயிலுக்குப் போன நேரம், எமிலியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டேன். சுவர் வழியாகத் தெருவுக்குப் போகிற குழாயை அறுத்து, நடுவில் ஒரு வால்வு வைத்தேன். நாலு சுற்றில் மூடுகிற வால்வு. நானே மாட்டினேன். அதன் மேல் ஒரு பிளைவுட் பலகை, பலகையில் விலைப்பட்டியல்.

உடனே மூடினேனா? இல்லை. உடனே மூடினால் யாராவது வந்து கேட்பார்கள், பிளம்பரைக் கூப்பிடுவார்கள். கிணறு வற்றினால் எப்படி வற்றும்? கொஞ்சம் கொஞ்சமாக. ஆகவே வாரத்துக்குக் கால் சுற்று. தை கடைசியில் தொடங்கினேன். திங்கட்கிழமை தோறும் பலகையை விலக்கி, கால் சுற்று. அவ்வளவுதான். இவ்வளவு நிதானமாக என் வாழ்க்கையில் நான் வேறெந்த வேலையையும் செய்ததில்லை.

தெருவில் முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. உள்ளே நின்று எல்லாம் கேட்பேன்.

"என்ன மைனி, குழாய் ஜலதோசம் பிடிச்ச மாதிரி ஒழுகுது?"

"சாருக்கு வயசாகுதுல்லா, கூடவே குழாய்க்கும் வயசாகுது."

"ஒரு குடம் நிறையுததுக்குள்ள ஒரு பிள்ள பெத்துரலாம் போல."

பங்குனியில் கேலி நின்றது. குடத்துக்குக் குடம் சண்டை வந்தது. சித்திரையில் வரிசையே இல்லை. பாதிப் பேர் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கேயோ போய்ச் சுமந்தார்கள். மிச்சப் பேர் உப்புத் தண்ணீரையே புழங்கினார்கள். சார் ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கீழேதான் கிடந்தது. நான் உறிஞ்சினால் கீழே போகாமல் என்ன செய்யும்? "ஊத்து செத்துட்டு போல வே" என்றார். "இந்த வருசம் எல்லாக் கிணறும் இப்படித்தான் சார்" என்றேன். கிணற்றுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "எனக்கு முன்னால அது போகும்னு நான் நினைக்கல" என்றார். அவர் கையைப் பிடித்து நான்தான் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சேரில் உட்காரவைத்தேன். பாருங்கள், அதையும் நான்தான் செய்தேன்.

முப்பிடாதி அக்கா ஒரு நாள் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். காலில் துணி சுற்றியிருந்தது. மெஷின் கண்ணாடிக்குள் தண்ணீர் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணி எங்கேருந்து தம்பி வருது?" என்றார்கள்.

"லாரித் தண்ணிக்கா. வெளியேருந்து வாங்குதேன்."

"அதானே பாத்தேன். நீயும் பாவம்."

சொன்ன பொய்க்கு லாரி வேண்டுமே. மறுநாளே ஒரு லாரியை வரவழைத்து வாசலில் நிறுத்தினேன். பெண்கள் குடத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல், ஆளுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்குத்தான் நான் நல்ல மனுஷன் ஆனேன் அண்ணாச்சி. "காசு போட்டு வாங்குத தண்ணிய நமக்குத் தந்தாரு பாத்தியா, அது மனசு." அதற்குப் பிறகு இரண்டு தடவை லாரி வந்தது. இரண்டு தடவையும் கொடுத்தேன். கொடுக்கும்போது, உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வைகாசியில் உச்சினிமாகாளி கோயிலில், தண்ணீர் கேட்டுக் குடம் எடுப்பதென்று தெருவில் முடிவாயிற்று. நாற்பத்தொரு குடம். அம்மனுக்கு ஊற்றுகிற முதல் குடம் உப்புத் தண்ணீராக இருக்கக் கூடாதாம். முப்பிடாதி அக்கா செப்புக் குடத்தைத் துலக்கி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். "அம்மனுக்கு ஒரு குடம் லாரித் தண்ணி தா தம்பி."

லாரி வந்து பத்து நாளாகியிருந்தது. இல்லை என்று சொல்ல முடியுமா? மெஷினுக்குப் போகிற டியூபைக் கழற்றிக் குடத்தை நிறைத்தேன். அக்கா உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தார்கள். அப்படியே நின்றார்கள். இன்னொரு வாய் குடித்தார்கள்.

"நம்ம குழாய்த் தண்ணி மாதிரில்லா இருக்கு."

நான் டியூபை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நல்ல தண்ணி எல்லாம் ஒரே ருசிதான் போல" என்றார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். வாசல் வரை போய்த் திரும்பி, "அம்மன் இன்னைக்கே கண்ணு திறப்பா தம்பி. எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார்கள்.

இன்னைக்கே என்று ஏன் சொன்னார்கள்? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். படிக்காத மனுஷி, அவர்களுக்கு வால்வு, குழாய் எல்லாம் என்ன தெரியும்? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும், இல்லையா?

கொட்டுச் சத்தம் தெருமுனை வரை போனதும், பலகையை எடுத்தேன். வால்வை ஒரேயடியாகத் திறந்தேன். மெஷின் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவர்கள் குடம் ஊற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, வறண்டுபோய்த் திறந்தே கிடந்த குழாயிலிருந்து தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குலவை விட்டார்கள் பாருங்கள். சார் வெளியே வந்து குழாயடியில் மண்டிபோட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டார். எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள். முப்பிடாதி அக்கா மட்டும் கடையைப் பார்த்தார்கள். பிறகு முதல் சட்டிப் பொங்கலைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "சாப்பிடு" என்றார்கள். தின்றேன்.

அதற்குப் பிறகு மூட முடியுமா? அம்மன் கொடுத்த தண்ணீரை யார் மூடுவது? மெஷினும் ஓட்ட முடியவில்லை. ஒரே மாசம். யாவாரம் சரியில்லை என்று சொல்லிக் கடையை எடுத்தேன். "எங்களுக்குத் தண்ணி வந்துச்சு, அண்ணாச்சிக்குக் கடை போச்சே" என்று சாமான் ஏற்றும்போது பெண்கள் அழுதார்கள். போன வருஷமும் இந்த வருஷமும் அம்மன் கோயில் கொடைக்கு அக்கா வீட்டிலிருந்து பொங்கல் வந்தது. எமிலி வாங்கி வைப்பாள். நான் வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

ஆனாலும் திறந்தது நான்தானே அண்ணாச்சி? அதையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? வேண்டாமா? சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வால்வு இன்னும் அங்கேதான் இருக்கிறது. விலைப்பட்டியல் பலகையை மட்டும் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். நீங்கள் கடை போட்டால் உங்கள் பிளம்பர் முதல் நாளே பலகையைக் கழற்றுவான். "இது யாரு சார் வச்சது" என்று சாரிடமே கேட்பான். ஆகவே ஓர் உதவி. மெஷின் ஆறையும் நீங்கள் சொல்கிற விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பேரமே வேண்டாம். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த வால்வை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயைப் போட்டுவிடுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

என்ன கேட்டீர்கள்?

இல்லை, காது கேட்டது. இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"அந்த வால்வு இன்னும் வேலை செய்யுமா?"

அண்ணாச்சி, நீங்கள் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம். நான் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதுதான் பிரச்சினை. கிணறு எவ்வளவு ஊறும் என்று நீங்கள் கேட்கவில்லை. முப்பிடாதி அக்காவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

வேலை செய்யும். நல்ல வால்வு. ஆனால் கைப்பிடி அங்கே இல்லை. கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இதோ, இந்த ஸ்பேனர் டப்பாவில்தான் கிடக்கிறது. பாருங்கள், உள்ளங்கை அகலம்கூட இல்லை. இல்லை, கையில் தர மாட்டேன். பார்த்தால் போதும்.

மெஷினை இன்றைக்கு ஏற்ற வேண்டாம். கோபப்படாதீர்கள். உங்களை இவ்வளவு தூரம் வரவைத்து வெறுங்கையோடு அனுப்புகிறேன், தெரிகிறது. உங்கள் வண்டியில் பின்னால் இடம் இருக்கும் இல்லையா? நீங்கள் அங்கேதானே திரும்பிப் போகிறீர்கள்? என்னைச் சார் வீட்டு வாசலில் இறக்கிவிடுங்கள். இந்தக் கைப்பிடியைச் சார் கையில் கொடுத்து, எந்தச் சுவர், எந்தப் பலகை என்று நானே காட்டிவிடுகிறேன். பிறகு அந்த ஷெட்டை உங்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.

எமிலி, அந்தச் சட்டையை எடு. ஆமா, வெளியேதான் போறேன். எங்கேன்னு வந்து சொல்லுதேன். இல்ல, நீயும் வா. போற வழியில சொல்லுதேன், நடந்தே வாரோம். அண்ணாச்சி முன்னால போகட்டும்.

அண்ணாச்சி, ஒன்று மட்டும். நீங்கள் முதலில் போய்ச் சேர்ந்தால் சாரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அதை நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முப்பிடாதி அக்கா வாசலுக்குப் போக வேண்டும். அங்கேயும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்க வேண்டும். கொடுப்பார்களா தெரியாது. கொடுத்தால், செம்பு முழுவதையும் அங்கேயே நின்று குடிக்க வேண்டும்.